அணுக்கருவைக் கணினியில் கட்டுவது: கேள்வி பதில்

கணிப்புமுறை அணுக்கருக் கோட்பாடு பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குவாண்டம் மெக்கானிக்ஸ் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி): சார், ஷெல் மாதிரி 1949-லேயே வந்துவிட்டது. மேயருக்கும் யென்சனுக்கும் 1963-இல் நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. இனி இந்தத் துறையில் என்ன பாக்கி இருக்கிறது?

பதில்: ஷெல் மாதிரியில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தனித்தனிக் கூடுகளை நிரப்புகின்றன. கூடு நிரம்பிக் கரு தனி உறுதி பெறும் 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களைப் பாடத்தில் அழியாத விதி போலச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நிலையான அணுக்கருக்களை விட்டு விலகி, நியூட்ரான்கள் மிகுந்த பக்கம் போனால் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. மெக்னீசியம்-32-இல் 20 நியூட்ரான்கள் இருந்தும் அது மூடிய கூடு போல நடந்துகொள்வதில்லை. மாறாக ஆக்சிஜன்-24-இல் 16 என்ற எண்ணுக்கு மாயத்தன்மை வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் ஆக்சிஜன்-28. 8 புரோட்டான், 20 நியூட்ரான், இரண்டுமே மாய எண்கள். ஆனால் 2023-இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் அதைப் பார்த்தபோது, நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஆக்சிஜன்-24 ஆகிவிட்டது. பிணைப்பே இல்லை.

எண்ணிக்கையிலும் பாக்கி நிறைய. இதுவரை அறிந்த அணுக்கரு வகைகள் 3,300 சொச்சம். 2012-இல் வந்த ஒரு கணிப்பின்படி பிணைந்து நிற்கக்கூடியவை சுமார் 6,900. பாதிக்கு மேல் யாரும் பார்த்ததில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர்): குவார்க், குளுவான் கோட்பாடு கையில் இருக்கிறதே. அதிலிருந்து நேராக அணுக்கருவைக் கணக்கிடாமல், ஏன் இன்னும் ஏதேதோ "மாதிரி விசைகளை" வைத்துக்கொண்டிருக்கிறோம்?

பதில்: முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கோட்பாட்டின் பெயர் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ். அதை லாட்டிஸ் முறையில், அதாவது வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்து, கணக்கிடும் குழுக்கள் நான்கு நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) வரை தொட்டிருக்கின்றன, பெரும்பாலும் நியூக்ளியான்களுக்கிடையே விசையைக் கடத்தும் பையானின் நிறையைச் செயற்கையாகக் கூட்டி வைத்துக்கொண்டு. அதற்கு மேல் போகவிடாமல் தடுப்பது இரைச்சல். சமிக்ஞையோடு ஒப்பிட்டால் இரைச்சல் காலத்தோடு அடுக்குக்குறியாக ஏறும். அந்த அடுக்கில் ஒவ்வொரு நியூக்ளியானுக்கும், நியூக்ளியான் நிறையிலிருந்து பையான் நிறையின் ஒன்றரை மடங்கைக் கழித்த தொகை உட்காரும். அதாவது தலைக்கு சுமார் 730 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகு). ஈயம்-208-இல் 208 தலைகள். கணக்கை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒரு படி மேலே நின்று வேலை பார்க்கிறோம். நியூக்ளியானையும் பையானையும் மட்டும் எடுத்துக்கொண்டு, குரோமோடைனமிக்ஸின் சமச்சீர்களை மீறாமல் எழுதக்கூடிய எல்லா உறுப்புகளையும் எழுதி, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவது. 1990-91-இல் வைன்பர்க் தொடங்கிவைத்த கைரல் பயனுறு களக்கோட்பாடு இதுதான். இதற்கு முன்னிருந்த விசைகள் மோசமானவை என்று நினைத்துவிடாதீர்கள். 1995-இல் வந்த ஆர்கான் வி18 விசை (ஆர்கான் என்பது ஆய்வகத்தின் பெயர்) சுமார் 40 அளவுருக்களை வைத்துக்கொண்டு 4,301 சிதறல் தரவுகளை, தரவு ஒன்றுக்கு கை-வர்க்கம் (1-க்கு அருகில் இருந்தால் நல்ல பொருத்தம்) 1.09 என்ற அளவில் பொருத்திவிடுகிறது. இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த விசையில் அடுத்த திருத்தம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. கைரல் கோட்பாட்டில் அந்தக் கேள்விக்கு வரிசையே பதில் சொல்லும்.

அவரே தொடர்ந்து: இரண்டு நியூக்ளியான் தரவு இவ்வளவு நன்றாகப் பொருந்தினால், மூன்று நியூக்ளியான்கள் சேர்ந்தால் மட்டும் வரும் மூவுடல் விசை எதற்கு?

பதில்: டிரைட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அளந்த பிணைப்பாற்றல் 8.48 எம்.இ.வி. ஈருடல் விசை மட்டும் வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் ஆர்கான் வி18 தருவது 7.62. ஹீலியம்-4-க்கு 28.3 வரவேண்டிய இடத்தில் சுமார் 24.3 வருகிறது. இங்கே கணக்குப் பிழை என்று தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் மூன்று நான்கு உடல் சிக்கலை எத்தனையோ முறைகளில் தீர்த்து ஒரே விடையை எடுத்தாயிற்று. குறை விசையில்தான்.

நியூக்ளியான் ஒரு புள்ளி அல்ல, உள்ளே கிளர்ச்சியடையக் கூடியது. ஒன்றிடமிருந்து பையானை வாங்கி, டெல்டா என்ற கனமான துகளாகக் கிளர்ந்து, மூன்றாவதற்கு ஒரு பையானைக் கொடுக்கலாம். ஃபுஜிதாவும் மியாசவாவும் 1957-லேயே எழுதிவைத்த படம் இது. நாம் டெல்டாவைக் கணக்கில் காட்டாமல் மறைப்பதால் அது மூவுடல் விசையாக வெளியே தலைகாட்டுகிறது. இதன் விளைவு டிரைட்டானோடு நிற்பதில்லை. ஈருடல் விசை மட்டும் இருந்தால் மேலே சொன்ன ஆக்சிஜன்-28 பிணைந்துவிடும். மூவுடல் விசையின் விலக்கைச் சேர்த்தால் ஆக்சிஜன் வரிசை 24-இல் நிற்கிறது என்று 2010-இல் காட்டினார்கள்.

கேள்வி (மென்பொருள் துறையில் இருப்பவர்): வெளியாள் என்பதால் கேட்கிறேன். கடைசியில் இது ஒரு அணியின் ஐகன் மதிப்பைக் கண்டுபிடிப்பதுதானே? நாலு ஜிபியு போட்டால் முடிந்துபோகாதா?

பதில்: அணிதான். அதன் அளவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். சிலிக்கான்-28. உள்ளே இருக்கும் ஆக்சிஜன்-16 கருவை உறையவைத்துவிட்டு (அதன் துகள்கள் நகராது என்று வைத்துக்கொண்டு) மிச்சமுள்ள 6 புரோட்டான்களை 12 இடங்களில் வைக்க வேண்டும்: 924 வழிகள். நியூட்ரான்களுக்கும் அதே 924. பெருக்கினால் 8,53,776. கோண உந்தத்தின் ஒரு கூறு பூச்சியமாக இருக்க வேண்டும் என்று வடிகட்டினால் 93,710. இதை உங்கள் மடிக்கணினியே பார்த்துக்கொள்ளும். இப்போது நிக்கல்-56. கால்சியம்-40 கருவுக்கு மேல் 8 புரோட்டான், 8 நியூட்ரான், ஆளுக்கு 20 இடங்கள். அதே வடிகட்டலுக்குப் பிறகும் சுமார் 109 கோடி. ஒரே ஒரு திசையனைச் சேமிக்கவே 8.7 ஜிகாபைட். அணியைச் சேமிக்கும் பேச்சே கிடையாது.

நம்மைக் காப்பாற்றுவது 1950-இல் வந்த லான்சோஸ் முறை. அணியை முழுதாக வைத்திருக்கத் தேவையில்லை, அணியை ஒரு திசையனோடு பெருக்கத் தெரிந்தால் போதும். சில நூறு பெருக்கல்களில் அடிமட்ட நிலைகள் கிடைத்துவிடும். ஜிபியு உதவும். ஆனால் முட்டுக்கட்டை பெரும்பாலும் கூட்டல் பெருக்கலில் இல்லை, நினைவகத்திலிருந்து எண்களை எடுத்துவருவதில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் உங்களைப் போன்றவர்கள் எங்களைவிட நன்றாக யோசிப்பீர்கள், நிஜமாகவே ஆள் தேவை.

தற்செயல் எண்களால் கணக்கிடும் மான்ட்டி கார்லோ பக்கம் போனாலும் சுமை வேறு வேடத்தில் வரும். கிரீன் சார்பு மான்ட்டி கார்லோவில் ஒவ்வொரு வாக்கரும் (தற்செயலாக நடைபோடும் மாதிரிப் புள்ளி) எல்லா தற்சுழற்சி, ஐசோஸ்பின் (புரோட்டானா நியூட்ரானா என்ற அடையாளம்) அமைப்புகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கார்பன்-12-க்கு அது 4,096 பெருக்கல் 924, கிட்டத்தட்ட 38 லட்சம். ஆக்சிஜன்-16-க்கு 84 கோடி. அந்த முறை கார்பனோடு நின்றுபோனதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: எந்த நிரல்மொழி கற்பது?

பதில்: பைத்தானில் யோசியுங்கள், சி++ அல்லது ஃபோர்ட்ரானில் ஓட்டுங்கள். ஃபோர்ட்ரான் செத்துவிட்டது என்பவர்கள் இத்துறையின் நிரல் எதையும் திறந்து பார்த்ததில்லை.

கேள்வி (இளம் ஆய்வாளர்): அப்படியென்றால் ஈயம்-208-ஐ முதல் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டதாகச் சொல்வது எப்படி?

பதில்: எல்லா அமைப்புகளையும் எண்ணாமல் இருப்பதால். ஒரு நல்ல தொடக்க நிலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு துகள், இரு துகள், கொஞ்சம் மும்மைக் கிளர்ச்சிகள் என்று மட்டும் அடுக்குக்குறி வடிவில் சேர்ப்பது கப்பிள்ட் கிளஸ்டர் முறை. செலவு அடுக்குக்குறியாக ஏறாமல் பல்லுறுப்புக்கோவை அளவில் அடங்கிவிடும். இதன் கதை சுவாரஸ்யம்: கோஸ்டரும் கூமலும் அணுக்கருவுக்காக உருவாக்கியதை வேதியியலாளர்கள் எடுத்துப்போய் வளர்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து நாம் திருப்பி வாங்கிக்கொண்டோம். அதே குடும்பத்தில் 2011-இல் வந்தது ஐஎம்-எஸ்ஆர்ஜி (இன்-மீடியம் சிமிலாரிட்டி ரீநார்மலைசேஷன் குரூப்). அது ஹாமில்டோனியனையே படிப்படியாகச் சுழற்றி, தொடக்க நிலையைக் கிளர்ச்சிகளிலிருந்து பிரித்துவிடுகிறது.

விலை உண்டு. தொடக்க நிலை மூடிய கூட்டுக்கு அருகில் இருந்தால்தான் இவை சுகமாக வேலை செய்யும். முட்டை வடிவில் உருக்குலைந்த கரு என்றால் கூடுதல் வித்தை வேண்டும். கார்பன்-12-இன் ஹாயில் நிலை, அதாவது 7.65 எம்.இ.வி.-இல் மூன்று ஆல்ஃபா (ஹீலியம்-4 கரு) கொத்துகளாக இருக்கும் நிலை, இவற்றுக்குச் சரியான தலைவலி. அதை 2011-இல் முதலில் பிடித்தது லாட்டிஸ் பயனுறு களக்கோட்பாடு. எனவே "எந்த முறை சிறந்தது" என்று கேட்காதீர்கள், எந்தக் கருவுக்கு என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான கருக்களுக்கு ஒரே மூச்சில் நிறை வேண்டுமென்றால் இன்றைக்கும் துகள்களின் அடர்த்தியை வைத்தே ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாடுதான் (டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி) கதி.

கேள்வி (கணிதப் பின்னணி உள்ளவர்): தானாகக் கற்க நினைக்கிறேன். முதல் நிரல் எதுவாக இருக்க வேண்டும்?

பதில்: உண்மையான அணுக்கரு வேண்டாம். ஜோடி மாதிரியை எடுங்கள்: அதில் விசை, ஒரே மட்டத்தில் இருக்கும் இரு துகள்களை ஜோடியாக மட்டுமே நகர்த்தும். சம இடைவெளியில் நான்கு மட்டங்கள்: ஆற்றல் 0, 1, 2, 3. ஒவ்வொன்றிலும் இரண்டு இடம். நான்கு துகள்கள். மொத்தம் 70 அமைப்புகள். ஜோடி உடையாதவை மட்டும் 6.

இந்த ஆறுக்கும் அணியைக் கையாலேயே எழுதலாம். விசை இல்லாதபோது மூலைவிட்டத்தில் 2, 4, 6, 6, 8, 10. ஜோடி விசையின் வலிமையை ஜி என்ற எண்ணில் பாதி என்று வையுங்கள். மூலைவிட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஜி குறையும். ஒரு ஜோடி மட்டும் இடம் மாறினால் எட்டக்கூடிய இரு அமைப்புகளுக்கு இடையே ஜி-யில் பாதி, எதிர்க்குறியோடு. இரண்டு ஜோடியும் மாற வேண்டியிருந்தால் பூச்சியம். நிரல் சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: மட்ட இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள். ஒவ்வொரு அமைப்பும் நான்கோடு இணைந்திருப்பதால் அடிநிலை ஆற்றல் துல்லியமாக எதிர்க்குறி 3 ஜி வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு குறி பிசகியிருக்கிறது.

பிறகு 70-க்கும் எழுதுங்கள். ஜோடி உடைந்த 64 அமைப்புகளோடு இந்த ஆறும் கலக்கவே கூடாது. அது சரியானால் இரண்டாம், மூன்றாம் வரிசைத் திருத்தக் கோட்பாடு, பிறகு கப்பிள்ட் கிளஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஜி-யை -1 முதல் 1 வரை நகர்த்தி, துல்லிய விடையோடு ஒரே வரைபடத்தில் பாருங்கள். எந்த முறை எங்கே தடுமாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். டேலன்ட் என்ற பெயரில் நடக்கும் உயர்நிலை அணுக்கருக் கோட்பாட்டு வகுப்புகளிலும் இதே மாதிரிக் கணக்குகளைத்தான் தருகிறார்கள். பல வகுப்புகளின் குறிப்புகளும் நிரல்களும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன.

கேள்வி (ஆய்வு மாணவி): உள் கரு எதையும் உறையவைக்காத ஷெல் மாதிரிக் கணக்கில், சோதனையில் இல்லாத ஒரு நிலை தாழ்ந்த ஆற்றலில் வந்து நிற்கிறது. மாயமா, பிழையா?

பதில்: பெரும்பாலும் நிறை மையத்தின் ஆட்டம். மொத்தக் கருவும் சேர்ந்து ஊசலாடுவதை உள் கிளர்ச்சி என்று நிரல் நினைத்துக்கொள்கிறது. நிறை மையத்தின் ஊசல் ஹாமில்டோனியனை ஒரு பெரிய எண்ணால் பெருக்கிச் சேருங்கள். அந்த எண்ணைக் கூட்டினால் போலி நிலைகள் மேலே ஓடிவிடும், உண்மையானவை அசையாமல் நிற்கும். எல்லாமே அசைந்தால் நீங்கள் அடிப்படைத் தொகுதியைத் துண்டித்த விதத்தில் கோளாறு.

கேள்வி: விடையோடு பிழைப்பட்டை (எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற வரம்பு) போடச் சொல்லி எங்கள் வழிகாட்டி வற்புறுத்துகிறார். சோதனைக்காரர்கள் போடட்டும், கோட்பாட்டுக்கு எதற்கு?

பதில்: உங்கள் வழிகாட்டி பக்கம்தான் நான். ஈயம்-208-இன் நியூட்ரான் தோலைப் பாருங்கள். நியூட்ரான்கள் புரோட்டான்களைவிட எவ்வளவு வெளியே பரவியிருக்கின்றன என்ற அளவு அது. ஜெஃபர்சன் ஆய்வகத்தில் அளந்து 2021-இல் வெளியிட்டது 0.283 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10^-15 மீட்டர்), பிழை 0.071. அடுத்த ஆண்டு கைரல் விசைகளிலிருந்து கணக்கிட்டு வந்தது 0.14 முதல் 0.20 வரை. கோட்பாடு வெறுமனே 0.17 என்று ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால் இது முரண்பாடா, லேசான உரசலா என்று எப்படிச் சொல்வது? பட்டை இருப்பதால்தான் உரசல் என்று சொல்ல முடிகிறது. கால்சியம்-48-இல் அதே வகை அளவீடு 0.121 என்ற மெல்லிய தோலைத் தந்தது. இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்துப் பொருத்த இன்னும் திண்டாடுகிறார்கள்.

அந்தப் பட்டைக்கு விசையின் அளவுருக்களை லட்சக்கணக்கான முறை மாற்றி ஓட்ட வேண்டும். நேரடியாக முடியாது. சில இடங்களில் மட்டும் துல்லியமாகத் தீர்த்து, அந்தத் திசையன்களைக் கொண்டு மற்ற இடங்களை ஊகிக்கும் எமுலேட்டர்கள் அதைச் சாத்தியமாக்கின. கடந்த பத்தாண்டில் வந்த மிகப் பயனுள்ள கருவி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் தீருமா?

பதில்: 2018-இல் டியூட்டெரானின் (ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான் சேர்ந்த கரு) 2.2 எம்.இ.வி. பிணைப்பை இரண்டு மூன்று கியூபிட்டுகளில் (குவாண்டம் கணினியின் பிட்டுகள்) எடுத்துக் காட்டினார்கள். பென்சிலால் செய்யக்கூடிய கணக்கு அது. காத்திருக்கலாம், ஆனால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (சோதனைத் துறை ஆய்வாளர்): ஷெல் மாதிரி நிரல் ஒன்றை ஓட்டினேன். ஆற்றல் மட்டங்கள் அழகாகப் பொருந்துகின்றன. மின் நான்முனை மாற்றம் (கரு காமா கதிரை உமிழ்ந்து மட்டம் மாறும் ஒரு வகை) மட்டும் அளவீட்டைவிட மிகக் குறைவு, பீட்டா சிதைவோ அதிகம். எதை நம்புவது?

பதில்: உறையவைத்த கரு உண்மையில் உறைந்திருப்பதில்லை, வெளித் துகள்கள் நகரும்போது அதுவும் அசைகிறது. அதை ஈடுகட்டத்தான் புரோட்டானுக்கு 1.5, நியூட்ரானுக்கு 0.5 என்று பயனுறு மின்னூட்டம் கொடுப்பது வழக்கம். நிரலில் நீங்கள் 1, 0 என்று விட்டிருக்கிறீர்களோ என்று முதலில் பாருங்கள். மாற்ற வலிமை வீச்சின் வர்க்கம் என்பதால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

பீட்டா சிதைவு வேறு கதை. காமோ-டெல்லர் (தற்சுழற்சி சார்ந்த பீட்டா சிதைவு வகை) வீச்சைச் சுமார் 0.75-ஆல் பெருக்கினால் அளவீடு வந்துவிடும் என்று பல பத்தாண்டுகள் காரணம் சரியாகத் தெரியாமலே செய்துவந்தோம். 2019-இல் டின்-100 வரை கணக்கிட்டுப் பார்த்ததில், வலுவான தொடர்புகளையும் இரு நியூக்ளியான்கள் சேர்ந்து பங்கேற்கும் மின்னோட்டத்தையும் விடாமல் சேர்த்தால் அந்தக் குறைவு தானாகவே வருகிறது என்று தெரிந்தது. உங்கள் நிரலில் இரண்டும் இல்லை. எனவே குறைப்புக் காரணியைப் போட்டுக்கொள்ளுங்கள், கட்டுரையில் அந்த எண்ணையும் மின்னூட்டங்களையும் அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள். எழுதாத கட்டுரையை மதிப்புரைக்கு அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.