அணுமின் நிலையத்தை வெளிநாட்டார் கட்டினால் கழிவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: புதிய அணுமின் நிலையங்களை வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டுவதும், சில இடங்களில் அவர்களே சொந்தமாக வைத்து நடத்துவதும் சரியா? கழிவையும் அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

கட்டுவதைக் கேட்டால், தாராளமாகக் கட்டட்டும் என்பேன். கழிவு விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். யார் செலவில், எத்தனை வருடத்துக்கு, மறுபதப்படுத்திய பின், அதாவது எரிந்த எரிபொருளிலிருந்து திரும்பப் பயன்படும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பின், மிஞ்சுவது யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் வரும்வரை "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. மின் கொள்முதல் ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. அணுமின் ஒப்பந்தங்களில் பொதுவெளிக்கு வந்தவற்றை வேலைக்கு வெளியேயும் தேடிப் படிப்பேன். விலை, வட்டி, தவணை எல்லாம் புள்ளி பிசகாமல் எழுதியிருப்பார்கள், கழிவுக்கு வந்ததும் "பின்னர் தனியாக முடிவு செய்யப்படும்" என்கிற மாதிரி எழுத்து தளர்ந்துவிடும். எனக்கு இதில் கோபமே உண்டு. நிலையம் அறுபது வருடம் ஓடும், அது நின்ற பிறகும் அந்தக் கழிவைக் காவல் காக்கப் போவது இன்னும் பிறக்காதவர்கள்.

வெளிநாட்டாரை ஏன் கூப்பிட வேண்டியிருக்கிறது? பெரிய அணு உலையைத் தன் எல்லைக்கு வெளியே போய்க் கட்டித்தரக்கூடிய நாடுகள் இன்று மிகச் சில: ரஷ்யா, பிரான்ஸ், தென்கொரியா, சீனா, அமெரிக்கா. புதிதாக இறங்கும் நாட்டுக்கு இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 1956லேயே அணுமின்சாரம் எடுத்த பிரிட்டனுக்கே இந்த நிலைதான். 1995இல் சைஸ்வெல் பி நிலையம் ஓடத் தொடங்கிய பின் அங்கே நீண்ட காலம் புதிய நிலையம் எதுவும் கட்டப்படவில்லை, தொழில் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், கடைசியில் ஹிங்க்லி பாயிண்ட் சி நிலையத்துக்குப் பிரான்ஸின் ஈடிஎஃப், சீனாவின் சிஜிஎன் என்ற அணுமின் நிறுவனங்களை அழைத்தார்கள். 2016இல் 1800 கோடி பவுண்டு என்று பேசியது, 2024இல் ஈடிஎஃப் தானே சொன்ன கணக்கில் 3100 முதல் 3500 கோடி வரை போய்விட்டது. அடுத்த நிலையமான சைஸ்வெல் சி-யில் சிஜிஎன் வைத்திருந்த பங்கை 2022இல் பிரிட்டன் அரசே வாங்கி அவர்களை வெளியே அனுப்பியது. நாடுகளுக்கிடையிலான உறவு மாறினால் பங்காளியும் மாறுவார் என்பது அங்கேயே தெரிந்தது.

ரஷ்யாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் வேறு வழியில் வருகிறது. பணமும் அவர்களே கொண்டு வருகிறார்கள். வங்கதேசத்தின் ரூப்பூரில் இரண்டு உலைகளுக்கு 1265 கோடி டாலர், அதில் 90 விழுக்காடு ரஷ்யக் கடன். துருக்கியின் அக்குயுவில் அதற்கும் ஒரு படி மேலே போய், கட்டுவது, சொந்தமாக வைத்திருப்பது, இயக்குவது எல்லாமே ரஷ்ய நிறுவனம்தான். 2010இல் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் பங்கு 51 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. துருக்கி மின்சாரத்தை வாங்க மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறது, குறிப்பிட்ட பங்குக்கு யூனிட்டுக்கு 12.35 அமெரிக்க சென்ட் வீதம், 15 வருடத்துக்கு. அரசுக் கையில் பணம் இல்லாதபோது இது பெரிய வசதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். உக்ரைன் போருக்காக மேற்கு நாடுகள் போட்ட தடைகளால் ரூப்பூர் கடனுக்கான பணத்தை ரஷ்யாவுக்கு அனுப்புவதே சிக்கலாகிவிட்டது. அக்குயுவுக்கு ஜெர்மன் நிறுவனம் ஒன்றிடமிருந்து வர வேண்டிய மின் கருவிகள் வராமல் சீனாவிடம் வாங்க வேண்டி வந்தது. 2023இல் ஓட வேண்டிய முதல் உலை அந்த வருடம் ஓடவில்லை.

கடனைவிட இறுக்கமான பிடி எரிபொருளில் இருக்கிறது. ரஷ்யாவின் விவிஇஆர் உலைக்குள் போகும் எரிபொருள் கட்டு அறுகோண வடிவம், நாலரை மீட்டர் உயரம், பென்சில் தடிமனில் முந்நூற்றுச் சொச்சம் உலோகக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் யுரேனியம் ஆக்சைடு வில்லைகள். இப்படி 163 கட்டுகள் ஒரு பெரிய உலையில் நிற்கும். மேற்கத்திய நாடுகளின் அழுத்தநீர் உலைகளில் கட்டு சதுரம். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் செருக முடியாது, வடிவத்தை மாற்றிச் செய்தாலும் நீரோட்டம், அதிர்வு, வெப்பம் தாங்குவது என்று எல்லாவற்றையும் சோதித்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்க வருடக்கணக்கில் ஆகும். உக்ரைன் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் எரிபொருளைச் சோதிக்க ஆரம்பித்தது 2005 வாக்கில். நடுவில் கட்டுகள் சேதமாகி, வடிவத்தைத் திருத்தி, மெல்ல மெல்லத்தான் வழக்கத்துக்கு வந்தது. உக்ரைனின் சிறிய விவிஇஆர்-440 உலைகளில் வெஸ்டிங்ஹவுஸ் எரிபொருள் முதன்முதலாகப் போடப்பட்டது 2023இல், ரிவ்னே நிலையத்தில்.

சரி, கழிவுக்கு வருவோம்.

உலையில் எரிந்து முடிந்து வெளியே வரும் கட்டு, பார்ப்பதற்கு உள்ளே போன அதே கட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கவசம் இல்லாமல் அதன் பக்கத்தில் ஒரு சில நிமிடம் நின்றால் ஆள் பிழைக்க மாட்டார். அதனால் எடுப்பது, நகர்த்துவது, அடுக்குவது எல்லாமே பல மீட்டர் தண்ணீருக்கு அடியில் நடக்கும். குளத்துக்குள் எட்டிப் பார்த்தால் கட்டுகளைச் சுற்றி நீல ஒளி படர்ந்திருக்கும், செரென்கோவ் ஒளி என்பார்கள். சில வருடம், பொதுவாக ஐந்துக்குக் குறையாமல், அங்கேயே ஆற வேண்டும். அப்புறம்தான் தடித்த எஃகும் கான்கிரீட்டுமான கலங்களுக்கு மாற்றி வெளியே நிறுத்தலாம். 1000 மெகாவாட் உலை ஒன்றிலிருந்து வருடத்துக்கு 20 முதல் 25 டன் வரை இது வரும். அளவில் சின்னதுதான். நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று அணுசக்தி ஆதரவாளர்கள் சொல்வது உண்மை, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் இதற்குள் இருக்கும் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம், புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 வருடம். குளமும் கலமும் முதலாவதைச் சமாளிக்கும். இரண்டாவதுக்கு ஆழமான பாறைக்குள் இடம் வேண்டும்.

உலையை விற்பவர் இதைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா? சில நேரம் எடுத்துக்கொள்வார். ரூப்பூரில் பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவுக்கு அனுப்ப 2017இல் தனியாக ஒப்பந்தம் போட்டார்கள், அது வங்கதேசத்துக்கு நல்லதுதான். அக்குயு ஒப்பந்தத்தில் அந்த உறுதி இல்லை. தனி உடன்பாடு ஒன்று ஏற்பட்டால் ரஷ்யாவில் மறுபதப்படுத்தலாம் என்ற அளவில் நிற்கிறது. கூடங்குளத்துக்கு 1988இல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் எரிபொருளைத் திருப்பி அனுப்புவதாக இருந்து, பின்னர் இந்தியாவிலேயே வைத்துக்கொள்வது என்று மாறியது. அப்புறம், எடுத்துக்கொள்வது இலவசமும் இல்லை. உக்ரைன் தன் பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவுக்கு அனுப்ப வருடத்துக்குச் சுமார் 20 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வழியை விட்டு வெளியேறத்தான் செர்னோபில் விலக்கு மண்டலத்துக்குள் அமெரிக்காவின் ஹோல்டெக் நிறுவனத் தொழில்நுட்பத்தில் உலர் சேமிப்பகம் கட்டினார்கள். போருக்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால், யாரோ ஒருவர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைக் கவனமாகப் படித்திருக்கிறார் என்று தோன்றும்.

பிரான்ஸ் வெளிநாட்டு எரிபொருளை வாங்கி லா ஹேக் ஆலையில் மறுபதப்படுத்தித் தரும், ஆனால் வெளிநாட்டுக் கழிவை அங்கே நிரந்தரமாக வைக்க அவர்கள் சட்டம் அனுமதிக்காது. கண்ணாடியோடு சேர்த்து உருக்கி எஃகு உருளைகளில் அடைத்த கழிவு சொந்தக்காரருக்கே திரும்பும். ஜப்பானுக்குக் கப்பலில் போனது, ஜெர்மனியின் கோர்லேபன் சேமிப்பகத்துக்கு 2011 வரை ரயிலில் போனது, அந்தத் தண்டவாளங்களில் மக்கள் உட்கார்ந்து போராடினார்கள். ஆக, எரிபொருள் போவதும் கழிவு திரும்பி வருவதும் வேறு வேறு. இதைப் பிரித்துச் சொல்லாமல் "எடுத்துக்கொள்வார்கள்" என்று அமைச்சர்கள் மேடையில் பேசுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். கழிவை, பாதுகாப்புக்குப் பொருந்தும் வரையில், அது உண்டான நாட்டிலேயே புதைக்க வேண்டும் என்பது பயன்படுத்திய எரிபொருள், கதிரியக்கக் கழிவு பற்றி 1997இல் உருவான சர்வதேசக் கூட்டு உடன்படிக்கையின் முகவுரையிலேயே இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்த நாடு எது என்று கேட்டால் பின்லாந்தைச் சொல்வேன். அவர்களும் வெளிநாட்டாரை வைத்துத்தான் கட்டினார்கள். லோவீசா சோவியத் உலை, 1977 முதல் ஓடுகிறது. ஓல்கிலுவோட்டோ 3-ஐ பிரான்ஸின் அரேவாவும் ஜெர்மனியின் சீமென்ஸும் நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டு 2005இல் தொடங்கினார்கள், 2009இல் முடிய வேண்டியது 2023இல்தான் முழுமையாக ஓடத் தொடங்கியது, செலவின் பெரும் சுமை கட்டியவர்கள் தலையில் விழுந்து அரேவாவைப் பிரெஞ்சு அரசு காசு போட்டுக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஹன்ஹிகிவியில் புதிய நிலையத்துக்காக ரோசாட்டத்தோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மே மாதம் ரத்து செய்தார்கள். கட்டுவதில் இத்தனை அலைக்கழிப்பு, ஆனால் கழிவு விஷயத்தில் தடுமாற்றமே இல்லை. லோவீசாவின் எரிபொருள் முதலில் ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 1994இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பின்லாந்தில் உண்டான அணுக்கழிவு பின்லாந்திலேயே கையாளப்பட வேண்டும், வெளியேயிருந்தும் வரக் கூடாது. 1996க்குப் பிறகு அனுப்புவது நின்றது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆனபின் வேலை வேகமாக நடந்தது. ஓன்கலோ என்ற புதைகிடங்குக்காக 400 மீட்டருக்கும் கீழே, ஏறக்குறைய 190 கோடி வருடப் பழைய பாறையில் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டத்தில் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் தடிமன் செம்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் ஈரம் பட்டால் வீங்கி இறுகும் பெண்டோனைட் களிமண்ணைத் திணிப்பது திட்டம். இதற்கான பணத்தை மின் நிறுவனங்கள் வருடாவருடம் அரசு நிதியில் கட்டி வருகின்றன, 1988இலிருந்து.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. மின்சாரம் பயன்படுத்தியவர்களிடம் பல வருடம் கட்டணம் வசூலித்து நிதி சேர்த்தார்கள், 1998இலிருந்து எரிபொருளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று சட்டப்படி வாக்கும் கொடுத்தார்கள், அதை யுக்கா மலையில் புதைக்கும் திட்டம் நடுவில் நின்றுபோனது, இன்றும் எரிபொருள் அந்தந்த நிலைய வளாகத்தில்தான் நிற்கிறது. வாக்குத் தவறியதற்கு நிறுவனங்களுக்கு அரசு கட்டிய நட்டஈடு மட்டும் 1000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

ஐக்கிய அரபு அமீரகத்தையும் சொல்ல வேண்டும். பராக்காவில் நான்கு உலைகளையும் தென்கொரியாவின் கெப்கோ நிறுவனம் கட்டியது, 2009 ஒப்பந்தம், கடைசி உலை 2024இல் ஓடத் தொடங்கியது. தாமதம் இருந்தது, இயக்குபவர்களுக்குப் பயிற்சி முடியும்வரை முதல் உலையைத் தொடங்கவிடாமல் காத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். கட்டுபவர் வரும் முன்பே தனியாக ஓர் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்து, அதற்கு வெளியிலிருந்து அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள். கட்டுபவரின் கடனில் கட்டி, கட்டுபவரின் ஆட்களையே சோதனைக்கும் நம்பி இருக்கும் நாட்டில் இந்தத் துணிச்சல் வராது என்பது என் கருத்து.

பல நாடுகள் சேர்ந்து ஒரே புதைகுழி வைத்தால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். யோசனை பழையது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016இல் ஓர் அரச விசாரணை ஆணையம், வெளிநாட்டுப் பயன்படுத்திய எரிபொருளைக் காசுக்கு வாங்கி வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதைப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட குழுவிடம் விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் எந்த நிபந்தனையிலும் வேண்டாம் என்றார்கள், திட்டம் கிடப்பில் போனது. யுரேனியம் தோண்டி விற்கிற, பரந்த வெற்று நிலம் இருக்கிற இடமே மறுத்துவிட்டது என்பதால், "யாராவது வாங்கிக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில் எந்த நாடும் உலை கட்டக் கூடாது என்று நினைக்கிறேன். உங்கள் நாட்டு ஒப்பந்தம் பொதுவெளியில் கிடைத்தால் கருத்துப் பகுதியில் இணைப்பைப் போடுங்கள், கழிவுப் பிரிவைப் படித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.