மான்ட்கோமரி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன்: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: ரோசா பார்க்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னவர் இவர்தானே ஐயா?

இல்லை, பலரும் இப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்ததற்காக 1955 டிசம்பர் 1 அன்று கைதான கறுப்பினப் பெண் பார்க்ஸ். அவர் வழக்கு அலபாமா மாநில நீதிமன்றங்களில் நடந்தது. ஃபெடரல், அதாவது மத்திய அரசு நீதிமன்ற நீதிபதியான ஜான்சன் முன் வந்தது ‘பிரவுடர் எதிர் கேய்ல்’ என்ற வேறொரு வழக்கு. அதே ஊர்ப் பேருந்துகளில் அவமானப்பட்ட 4 கறுப்பினப் பெண்களின் வழக்கு. அவர்களில் கிளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே 15 வயதில் கைதானவர். மூவர் அமர்வு 1956 ஜூனில் 2-1 என்று, பேருந்தில் இனம் பார்த்து உட்காரவைப்பது செல்லாது என்றது. அந்த இரண்டில் ஒன்று ஜான்சன். வயது 37, பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கேள்வி: நம் ஊர் மாவட்ட நீதிபதி மாதிரியான பதவியா?

பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ஃபெடரல் மாவட்ட நீதிபதியை ஜனாதிபதி நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவி ஆயுளுக்கும். அலபாமாவின் மாநில நீதிபதிகளோ ஓட்டு வாங்கி வருபவர்கள். ஜனாதிபதி ஐசன்ஹோவர் நியமித்த ஜான்சனுக்கு அந்தக் கவலை கிடையாது. ஊரே வெறுத்தாலும் அவரை நாற்காலியிலிருந்து இறக்க முடியாது.

கேள்வி: இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் இவருடன் படித்தவராமே?

ஆமாம், அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த காலத் தோழர். வாலஸ் கவர்னராகும் முன் மாநில நீதிபதியாக இருந்தார். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை ஆராய்ந்த சிவில் உரிமை ஆணையம் வாக்காளர் பதிவேடுகளைக் கேட்டது. தரவே மாட்டேன் என்று வாலஸ் ஊரறிய முழங்கினார். ஜான்சனோ கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். வாலஸ் இரவில் பழைய நண்பரின் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் பதிவேடுகளைக் கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் பொதுமக்கள் குழு) கையில் கொடுத்து, அங்கிருந்து ஆணையத்துக்குப் போகும்படி செய்துவிட்டு, வெளியே வீரனாகவே நின்றார். 1959இல் அவமதிப்பு வழக்கு வந்தபோது ஜான்சன் அவரை விடுவித்தார். ஏன் தெரியுமா? சுற்றுவழியிலாவது உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார் என்று! சிறைக்கு அனுப்பியிருந்தால்கூட வாலஸுக்கு இவ்வளவு வலித்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: செல்மா ஊர்வலத்துக்கு இவர் முதலில் தடை போட்டார் என்கிறார்களே?

போட்டார். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குக் கிளம்பிய ஊர்வலம் அது. 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் அவர்களை அடித்து விரட்டியது. விசாரணை முடியும்வரை ஊர்வலம் கூடாது என்று 9ஆம் தேதி ஜான்சன் உத்தரவிட, ஊர்வலத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் அன்று பாலத்தோடு திரும்பினார். சாட்சிகளையெல்லாம் கேட்டபின் 17ஆம் தேதி அனுமதி தந்தார். இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரிதோ, எதிர்ப்புக்கான உரிமையும் அந்த அளவுக்கு விரியும் என்பது அவர் வாதம். அப்போதும் ஆளுக்குக் கணக்கு வைத்தார் மனிதர்: இருவழிச் சாலைப் பகுதியில் 300 பேருக்கு மேல் கூடாது!

கேள்வி: மிரட்டல்கள்?

வீட்டு முற்றத்தில் சிலுவை எரித்தார்கள். 1967இல் அவர் அம்மாவின் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, அம்மாவுக்குக் காயமில்லை.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

1977இல் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைமைக்கு ஜனாதிபதி கார்ட்டர் இவரைத் தேர்ந்தெடுத்தார், உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. 1979இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். 1999இல் இறந்தார்.

கேள்வி: தவறாகத் தீர்ப்பளித்ததே இல்லையா?

உண்டு. அலபாமாவின் டஸ்கேகீ நகரத்தின் சதுர எல்லையை 1957இல் 28 பக்கமுள்ள வடிவமாக வெட்டி, ஏறக்குறைய எல்லாக் கறுப்பின வாக்காளர்களையும் வெளியே தள்ளினார்கள். நகர எல்லையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று ஜான்சன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1960இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு பழைய எல்லை திரும்பி வந்தது, அதே ஜான்சனின் உத்தரவில்.