பிள்ளை சைக்கிளைத் தொட மறுத்தால் சாம்பியன்களின் அறிவுரை உதவுமா?

உலகப் புகழ் பெற்ற சைக்கிள் வீரர்கள் சைக்கிளோட்டத்தை அனுபவிப்பதைப் பற்றியும் பிள்ளைகளை அதில் ஈடுபடுத்துவதைப் பற்றியும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், வாங்கிக் கொடுத்த சைக்கிளை உங்கள் பிள்ளை தொட்டும் பார்ப்பதில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அநேகமாக நீங்களும் என்னைப் போலச் சிறுவயதில் நன்றாகச் சைக்கிள் ஓடியவராக இருப்பீர்கள். பிள்ளை பயப்படுவதைப் பார்த்து உள்ளூரக் கொஞ்சம் வெட்கப்பட்டும் இருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கூடவோ குறையவோ, தூரமோ கிட்டவோ, மனம் விரும்பிய அளவு ஓடு, ஆனால் ஓடு என்ற பொருளில் எடி மேர்க்ஸ் சொன்னதாக ஓர் அறிவுரை பரவலாக உலவுகிறது. டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிளோட்டப் போட்டியை 5 தடவை வென்ற அந்தப் பெல்ஜியர், தாம் ஓடிய காலத்தில் விரும்பிய அளவோடு நின்றவர் அல்லர். போட்டியாளர் ஒருவரின் சிறிய மகள், மற்றவர்களுக்கு ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காதவர் என்று கேள்விப்பட்டு, அவருக்கு 'நரமாமிசம் தின்னி' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது. ஆகவே சாம்பியன்களின் வாயிலிருந்து வருவதை அவர்களுடைய வாழ்க்கையோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நான் திருகோணமலையில் வசிக்கிறேன். இருபது வயதில், சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிளோட்டத்தில் நிலாவெளிவரை போய்த் திரும்பி மூன்றாமிடம் பெற்றேன். பரிசாகக் கிடைத்த சுடுநீர்ப் போத்தல் இன்றும் எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தப் போத்தல்தான் காரணம்.

மகளுக்கு ஏழு வயதானபோது 24 அங்குலச் சில்லு வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அவளுடைய உயரத்துக்கு 20 அங்குலமே தாராளம். வளருகிற பிள்ளைதானே, ஐந்தாறு வருடம் பாவிக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். சீற்றில் ஏற்றி வைத்தால் அவளுடைய பெருவிரல் நுனிகூட நிலத்தில் படவில்லை. கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "விட்டிடாதேங்கோ அப்பா" என்று அவள் கத்தக் கத்த, "பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டேன். பத்து யார் தூரம் போனாள். பிறகு வேலியோடு சாய்ந்து விழுந்தாள். முழங்கையில் பட்ட காயம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. ஆனால் "பொய் சொன்னீங்கள்" என்று அவள் சொன்னது ஆறவில்லை. அந்தச் சைக்கிள் ஒன்றரை வருடம் கோடிப்புறத்தில் காற்றுப் போய்க் கிடந்தது.

நாங்களெல்லாம் இப்படித்தான் பழகினோம், விழாமல் யார் பழகினார்கள் என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், நானும் விழுந்தேன். ஆனால் நான் விழுந்தது அண்ணனுடைய சைக்கிளைக் களவாக எடுத்து ஓடியபோது. ஓடவேண்டும் என்ற ஆசை என்னுடையதாக இருந்தது. மகளிடம் இருந்ததோ என்னுடைய ஆசை. இரண்டு விழுகையும் ஒன்றல்ல.

பெரில் பேர்ட்டன் என்ற ஆங்கிலேயச் சைக்கிள் வீராங்கனையைப் பற்றி, மகளின் சைக்கிள் காற்றுப் போய்க் கிடந்த அந்தக் காலத்தில்தான் வாசித்தேன். 1967இல் 12 மணி நேர ஓட்டத்தில் 277.25 மைல் ஓடி, ஆண்களின் சாதனையையும் மிஞ்சியவர். வழியில் தாம் முந்திச் சென்ற ஆண் வீரருக்கு ஓர் இனிப்பை நீட்டிவிட்டுப் போனார் என்பது பிரசித்தமான கதை. அதே அம்மையார் 1976இல் பிரித்தானிய வீதியோட்டப் போட்டியில் தம் சொந்த மகள் டெனிஸ் கடைசி நொடியில் தம்மை வென்றபோது, மேடையில் அவளுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார். அதை வாசித்த அன்று எழுந்து போய் அலுமாரியிலிருந்த போத்தலைப் பார்த்தேன். அவருக்குக் கிடைத்தது உலகப் பட்டங்கள், எனக்கு ஒரு போத்தல். வியாதி மட்டும் ஒன்றுதான்.

அடுத்த வாரமே சைக்கிளை உருட்டிக்கொண்டு திருத்துகிற கடைக்குப் போனேன். கடைக்கார ஐயா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிள்ளைக்கு வாங்கினதோ, உங்களுக்கு வாங்கினதோ?" என்று கேட்டார். மேலே கொஞ்சம் காசு கொடுத்து, அவரிடம் இருந்த பழைய 20 அங்குலச் சைக்கிள் ஒன்றை மாற்றி எடுத்தேன். ஒலிம்பிக்கில் 6 தங்கம் வென்ற கிறிஸ் ஹோயின் முதற் சைக்கிளும் தேவாலயமொன்றின் பழைய சாமான் விற்பனையில் 5 பவுணுக்கு வாங்கியதுதான். தந்தை அதைத் திருத்திக் கொடுத்தாராம்.

ஐயா சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி, இரண்டு பெடல்களையும் கழற்றித் தந்தார். நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இடது பெடலின் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டிருக்கும், வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் அது கழரும். இது தெரியாமல் வீட்டில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, கையைத்தான் கிழித்துக்கொண்டேன்.

பெடல் இல்லாத சைக்கிளில் பிள்ளை இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றி, உந்தி உந்தி நகரும். சாய்கிற பக்கமே ஹான்டிலைத் திருப்பினால் சைக்கிள் நிமிரும் என்பதை உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளும். பக்கச் சில்லுகள் சைக்கிளைச் சாயவே விடாததால், அவற்றை வைத்து எத்தனை மாதம் ஓடினாலும் அந்தப் பாடம் வருவதில்லை. உவர்மலையில் வாகனம் அதிகம் வராத, மெல்லிய சரிவுள்ள ஒழுங்கை ஒன்றுக்குக் காலை ஆறு மணிக்கே போவோம். நான் மதிலில் குந்தியிருந்து பத்திரிகை வாசித்தேன், அல்லது வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். நான்காம் நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சரிவின் அடிவரை வந்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். ஆறாம் நாள், பெடலைப் பூட்டித் தரச் சொல்லி அவளே கேட்டாள்.

அனுபவிப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். போய்ச் சேர ஓர் இடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் போய் மான்களைப் பார்த்துவிட்டு, கோணேசர் கோயில் வாசல்வரை ஓடுவோம். ஆடி மாதத்தில் கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்; திரும்பி வரும்போது ஒரு சுருள் வறுத்த கச்சான் வாங்குவோம். காற்றுக்கும் கடலைக்கும் ஏன் ஒரே பெயர் என்று மகள் கேட்டாள், எனக்கு விடை தெரியவில்லை.

பாதுகாப்பு என்று வந்தால் என் கோபம் வேறு இடத்துக்குப் போகிறது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ் போர்ட்மன், 2017இல் இங்கிலாந்தின் பெரிய மன்செஸ்டர் பகுதியில் சைக்கிளோட்டத்துக்கும் நடைக்கும் பொறுப்பாளரானபோது, 12 வயதுப் பிள்ளை தனியாகப் போகக்கூடியதாகப் பாதை இருக்கவேண்டும் என்பதை அளவுகோலாக வைத்தார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் அனுராதபுரச் சந்திக்கு மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாதபோது நாங்கள் எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போனோம்; என் அலுவலகத்தில் சைக்கிளுக்கென்று தகரக் கொட்டில்கூடப் போட்டார்கள். பெற்றோல் வந்தது, கொட்டிலுக்குள் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இன்று என் சைக்கிள் மட்டும் வெயிலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெரியவனுடைய சைக்கிளுக்கே இந்த மரியாதை என்றால், பிள்ளையின் சைக்கிளுக்கு வீதியில் எவன் வழிவிடுவான்? ஆகையால் பெரிய வீதியில் அவளை இன்னும் தனியே விடுவதில்லை. கோழை என்று எவரும் சொன்னால் சொல்லட்டும்.

இந்த முறை சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் வாசிகசாலையில் மெதுவான சைக்கிளோட்டம் வைத்தார்கள். காலை ஊன்றாமல், கடைசியாகக் கோட்டைக் கடப்பவருக்கே பரிசு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே ஓடலாம். நான் எல்லோருக்கும் முன்னரே கோட்டைத் தாண்டித் தோற்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மகள் பாதி வழியில் ஹான்டிலை அப்படியும் இப்படியும் ஆட்டியபடி, கிட்டத்தட்ட அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.