பள்ளி விட்டு வந்ததும் வரும் பசிக்கு என்ன கொடுக்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, யுகேஜி படிக்கும் மகன் வீட்டுக்குள் நுழைந்ததுமே சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடுகிறான். சுண்டல் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறான்.

பதில்: வந்ததும் அவனுக்கு அகோரப் பசி. அப்போது கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் வயிற்றுக்குள் போகும். நீங்கள் குக்கர் வைத்து விசில் வருவதற்குள் அவன் பாக்கெட்டைப் பிரித்துவிடுவான். அதனால் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ காலையிலேயே அவித்து பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவன் ஷூ கழற்றும் நேரத்தில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துச் சூடாக்கி, துருவிய தேங்காயும் பொடியாக நறுக்கிய மாங்காயும் சேர்த்தால் முடிந்தது. சிப்ஸில் பிள்ளைகளை இழுப்பது உப்பு, புளிப்பு, மொறுமொறுப்பு. மாங்காயில் புளிப்பு வந்துவிடும். மொறுமொறுப்புக்கு மேலே ஒரு பிடி பொரி தூவுங்கள்.

முதலில் தள்ளத்தான் செய்வான். ஒரு புது உணவு பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். தட்டில் வையுங்கள், ஆனால் "சாப்பிடு, சாப்பிடு" என்று பின்னாலேயே ஓடாதீர்கள். என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா?

பதில்: முழுதாக வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஐந்து வயது வரை வறுத்துப் பொடித்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். கொண்டைக்கடலையை மசித்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

கேள்வி: பாலில் கலக்கும் மால்ட் பவுடர் சத்துதானே மேடம்?

பதில்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் என்று இருந்தால், அவையும் உடம்பில் சர்க்கரை மாதிரிதான், அவற்றையும் சர்க்கரையோடு சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்பதற்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. கால்சியத்துக்காக என்றால், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாலும் வெல்லமும் சேர்த்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுங்கள்.

கேள்வி: பேரனுக்குத் தினமும் கிரீம் பிஸ்கட் வாங்கிப் போவேன். மருமகள் வருத்தப்படுகிறாள். வெறுங்கையோடு எப்படிப் போவது?

பதில்: வெறுங்கையோடு போகவே வேண்டாம் ஐயா. கொய்யா, பனங்கிழங்கு, அவித்த சோளக்கதிர் என்று வாங்கிப் போங்கள். முடிந்தால் அவனையும் பழக்கடைக்குக் கூட்டிப் போங்கள். எந்தக் கொய்யா பழுத்தது என்று முகர்ந்து, லேசாக அழுத்திப் பார்த்து அவனே பொறுக்கட்டும். தான் பொறுக்கிய பழத்தைப் பிள்ளைகள் ஆசையாகத் தின்பார்கள். தாத்தாவோடு போய் வாங்கியது என்றால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் பாக்கெட் தீனியை அடியோடு நிறுத்திவிடலாமா அக்கா?

பதில்: வீட்டில் வாங்கி அடுக்காதீர்கள், அது போதும். பிறந்தநாள் விழாவில் தின்றால் தின்னட்டும், அங்கே போய்த் திட்டாதீர்கள். "பொரியலை முடி, சிப்ஸ் தருகிறேன்" என்று மட்டும் பேரம் பேசிவிடாதீர்கள். பொரியல் தண்டனை, சிப்ஸ்தான் பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.