டான்ஃபோர்த்தில் திறக்கும் கிரேக்கக் கடையில் குசினி வேலை: போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அறை எடுத்துக் கொலிச்சில் படிக்கிறீர்கள். அதே நகரத்தில் கிரேக்கக் கடைகளுக்குப் பேர்போன டான்ஃபோர்த் வீதியில் புதிதாகத் திறக்கிற கிரேக்க உணவகத்தில் குசினி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் ட்ரெயல், அதற்குச் சம்பளம் கிடையாது என்கிறார்கள். அந்த ஏரியா படுத்துவிட்டது, கடை ஆறு மாதம் தாங்காது என்று அறையில் இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். மாட்டிறைச்சியும் சாப்பிடமாட்டீர்கள். போகலாமா என்பதுதான் கேள்வி.

போங்கள். ஆனால் சம்பளமில்லாத ட்ரெயலுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். கோப்பை கழுவுகிற தொட்டியடியிலேயே நின்றுவிடவும் வேண்டாம்.

முதலில் அந்த வீதி. கிரேக்கர்கள் 1950களிலிருந்து 70கள் வரை கூட்டமாக ரொறன்ரோ வந்தார்கள். 1967இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தபோது இன்னும் பலர் வந்தார்கள். 1966இல் திறந்த சப்வே செஸ்டர், பேப் நிலையங்கள் வழியாகப் போவதால் கடை போட வசதியான வீதியாக டான்ஃபோர்த் இருந்தது. வீதிப் பெயர்ப் பலகையில் இன்றைக்கும் கிரேக்க எழுத்து இருக்கிறது, லோகன் சந்தியில் அலெக்சாந்தர் சிலை நிற்கிறது. ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள், குடும்பங்கள் ஸ்காபரோ, மார்க்கம் என்று பெரிய வீடு தேடி நகர்ந்தன. சுற்றுவட்டார வீடுகளின் விலை ஏறி, வசதியுள்ள கிரேக்கரல்லாத குடும்பங்கள் வந்தன. கிழக்கே கிரீன்வுட் தாண்டினால் எத்தியோப்பியக் கடைகள், விக்டோரியா பார்க் பக்கம் வங்காளிக் கடைகள். செஸ்டருக்கும் பேப்புக்கும் நடுவிலேயே சூஷியும் டாக்கோவும் வந்துவிட்டன.

இதைப் பார்த்து ‘படுத்துவிட்டது’ என்று சொல்வது சரியில்லை. அங்கே சாப்பிட வருகிற ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். கட்டடம் சொந்தமாக உள்ள பழைய குடும்பக் கடை, கூட்டம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். வாடகைக்கு வருகிற புதுக் கடைக்கு அந்த வசதி இல்லை: அடிப்படை வாடகைக்கு மேலே கட்டட வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றும் சேர்த்துக் கட்டவேண்டும். ஆகவே புது முதலாளி ஒரு மேசைக்கு அதிகம் விற்றாக வேண்டும். அந்தக் கணக்கு நேரே மெனுவில் தெரியும். உங்கள் வேலை எப்படி இருக்கும் என்பதையும் மெனுவை வைத்தே சொல்லலாம்.

பழைய பாணிக் கடையில் சூவ்லாக்கி (கம்பியில் கோர்த்துச் சுட்ட இறைச்சி) டின்னர் கேட்டால் ஒரே கோப்பையில் சோறு, லெமன் உருளைக்கிழங்கு, சாலட், சட்சிக்கி என்ற தயிர்-வெள்ளரிக்காய்க் கலவை, பிட்டா ரொட்டி எல்லாம் மலைபோல வரும். அங்கே வேலை அளவில்தான் பெரியது. பெரிய தட்டுகளில் கிழங்கு, பெரிய பானையில் சோறு, நாள் முழுக்க இறைச்சி கோர்ப்பது. புதுப் பாணிக் கடைகள் மெஸே என்ற சின்னக் கோப்பைகளைப் பகிர்ந்து சாப்பிட வைக்கும், முழு மீனை நிறைக்கு விற்கும், சன்டோரினி வைனை முன்னுக்கு வைக்கும். அங்கே ஒரு மேசைக்கு எட்டுப் பத்துச் சின்னக் கோப்பை வெவ்வேறு நேரத்தில் போகவேண்டும். கை வேகமும் காதும் வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற மெனுவைப் போய்ப் படித்துப் பாருங்கள். சூடான கிரில் சாமான் பாதிக்கு மேல் இருந்தால் இரண்டாவது ஆள் கிரிலுக்குக் கட்டாயம் தேவைப்படும். நீங்கள் குறிவைக்க வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் ஆட்கள் பல வருடமாக இந்த நகரத்தின் குசினிகளில் நிற்கிறார்கள். இத்தாலியக் கடையோ பிரெஞ்சுக் கடையோ, உள்ளே எட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் குரல் கேட்கும். ஆகவே இது நமக்குப் புதிய தொழில் இல்லை. கிரேக்கச் சமையலும் கஷ்டமில்லை. தயாரிப்பு ஒழுங்கு பிசகினால் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

புது ஆளுக்கு முதல் நாள் வருவது பெரும்பாலும் சட்சிக்கி. ஒரு கிலோ வடித்த தயிருக்கு இரண்டு நீட்டு வெள்ளரிக்காய், நாலு ஐந்து பல்லு உள்ளி, 60 மில்லி ஒலிவ் எண்ணெய், 30 மில்லி வினிகர், ஒரு பிடி டில் இலை என்ற அளவு பொதுவாகச் சரிவரும். கடைக்குக் கடை சற்று மாறும். வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டு அரை மணித்தியாலம் விட்டு, துணியில் கட்டி இனிச் சொட்டாது என்கிற அளவுக்குப் பிழியவேண்டும். அவசரத்தில் கையால் பிழிந்து போட்டால் மதியம் கெட்டியாக இருந்தது இரவு ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டு நிற்கும், சேவிஸ் நடுவில் திரும்பச் செய்ய நேரம் இருக்காது. உள்ளி ஒரு இரவு கழித்துக் காரம் கூட்டும். நாளைக்கு வைக்கிற சட்சிக்கிக்கு ஒரு பல்லுக் குறைத்துப் போடுங்கள்.

சூவ்லாக்கிக்குப் பன்றியின் கழுத்து அல்லது தோள் இறைச்சி, இரண்டரை மூன்று சென்ரிமீற்றர் துண்டு. துண்டுகள் ஒரே அளவு இல்லாவிட்டால் சின்னது கருகும், பெரியது உள்ளே வேகாது. கம்பியில் நெருக்கி அடைத்தாலும் நடு வேகாது. துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். கோழிக்கு எண்ணெய், ஒறிகானோ, உள்ளி முதல்நாளே போடலாம், லெமன் சாறு மட்டும் கடைசி ஒரு மணித்தியாலத்தில். புளியில் ஊறவிட்ட கோழியின் மேற்பகுதி மாவாகிவிடும். கோழித்துண்டு நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்டவேண்டும். தெர்மோமீற்றரைத் தடித்த துண்டில் குத்திப் பாருங்கள், நிறத்தை நம்ப வேண்டாம்.

ஃபிலோ மாவுத் தாள் பற்றி ஒரு வார்த்தை. உறைந்த பெட்டியை முதல்நாள் இரவே குளிர்ப்பெட்டிக்கு மாற்றவேண்டும். வெளியில் வைத்து அவசரமாக இளக்கினால் தாள்கள் ஒட்டிக் கிழியும். பிரித்தபின் ஈரத்துணியால் மூடி, ஒவ்வொன்றாக எடுத்து வெண்ணெய் பூசுங்கள். கீரையைப் பிழியாமல் வைத்தால் ஸ்பனக்கோப்பிட்டா என்ற கீரைப் பையின் அடி ஊறிப்போகும். வேகமுன்பே மேல் தாளைக் கத்தியால் கீறிவிட வேண்டும். வெந்த பிறகு வெட்டினால் நொறுங்கும். கத்தரிக்காயும் அரைத்த இறைச்சியும் அடுக்கிய மூசாக்கா அவணிலிருந்து வந்து முக்கால் மணித்தியாலமாவது ஆறாமல் வெட்டினால் சரிந்து குழம்பாகும்.

மிச்சமானதை ஆறவைப்பதில்தான் புது ஆட்கள் மாட்டுகிறார்கள். 60 பாகையிலிருந்து 20க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், அங்கிருந்து 4க்கு அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டும். பானையோடு சூப்பை உள்ளே தள்ளினால் இது நடக்காது. தட்டையான தட்டுகளில் ஊற்றி, திகதி எழுதிய டேப் ஒட்டி வையுங்கள். நகரச் சுகாதாரப் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வருவார். வாசலில் பச்சை அட்டை என்றால் பாஸ், மஞ்சள் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் கடை பூட்டு. கடை இயங்கும் நேரமெல்லாம் உணவு கையாளும் சான்றிதழ் உள்ள ஒருவராவது உள்ளே நிற்கவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. அந்தச் சோதனையை இப்போதே எழுதி எடுத்துவிடுங்கள். சான்றிதழோடு போகிற புது ஆளை முதலாளி தொட்டியடிக்கு அனுப்பத் தயங்குவார்.

குசினிப் பேச்சும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். ஒருவருக்குப் பின்னால் போகும்போது ‘பிஹைண்ட்’, சூடான சட்டியோடு போனால் ‘ஹாட்’, மூலை திரும்பும்போது ‘கோர்னர்’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். வெட்கப்பட்டு மெல்லச் சொன்னால் யாராவது எரிந்துபோவார்கள். ‘எய்ட்டி சிக்ஸ்’ என்றால் அந்தச் சாமான் முடிந்துவிட்டது. ‘ஃபயர்’ என்றால் இப்போதே அடுப்பில் போடு. கேட்டதற்குத் தலையாட்டக்கூடாது, ‘ஹேர்ட்’ என்று வாயால் சொல்லவேண்டும். வழுக்காத கறுப்புச் சப்பாத்து வாங்குங்கள், எண்ணெய்த் தரையில் ஓட்டச் சப்பாத்து ஆபத்து. கை வெட்டுப்பட்டாலும் எரிந்தாலும் அன்றைக்கே முதலாளியிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

மாட்டிறைச்சி விஷயம். மூசாக்கா, பஸ்டீசியோ (மாக்கரோனி அடுக்கு), கெஃப்தேதெஸ் (இறைச்சி உருண்டை) மூன்றிலும் அரைத்த மாட்டிறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே பல கடைகளில் யீரோ என்பது மாடும் ஆடும் சேர்த்து அழுத்திய கூம்பு. டொல்மாதெஸ் என்ற திராட்சை இலைச் சுருளில் இறைச்சி அடைத்ததும் உண்டு, சோறு மட்டும் வைத்ததும் உண்டு. கேட்டுச் சாப்பிடுங்கள். கோழி, பன்றி சூவ்லாக்கி உங்களுக்குப் பிரச்சினையில்லை. ஃபாவா என்று ஒரு மஞ்சள் பருப்புக் கடைசல் இருக்கிறது, மேலே வெங்காயமும் ஒலிவ் எண்ணெயும். நம் பருப்புக்கறி சாப்பிட்ட வாய்க்கு உடனே பிடிக்கும். அறையில் முழுச் சைவக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: சோறும் லெமன் உருளைக்கிழங்கும் பார்க்கச் சைவமாகத் தெரிந்தாலும் கோழி அவித்த தண்ணீரில் செய்வது வழக்கம், பொரிக்கிற எண்ணெயும் கணவாய்க்குப் பாவிக்கிற அதே எண்ணெயாக இருக்கும். உயிர்த்தஞாயிறுக்கு முந்திய கிரேக்க நோன்புக் காலத்தில் இறைச்சி, பால், முட்டை இல்லாத சாப்பாடு மெனுவில் கூடும். ஆனால் அந்த நோன்பில் இறாலும் ஆக்டோபஸும் ஆகும், அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சாப்பிடாதது வேறு, தொடாதது வேறு. மாட்டிறைச்சியைக் கையுறை போட்டும் தொடமுடியாது என்றால் நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குச் சொன்னால் யாரும் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

இனிக் காசு. ஒன்ராறியோவில் பயிற்சி நேரமும் வேலை நேரம்தான், ட்ரெயல் என்று பெயர் வைத்தாலும் சம்பளம் தரவேண்டும். சண்டைக்குப் போகத் தேவையில்லை. “கட்டாயம் வருகிறேன், அந்த இரண்டு நாள் மணித்தியாலமும் முதல் சம்பளத்தில் சேருமா?” என்று மெசேஜ் போடுங்கள். பதில் எழுத்தில் இருக்கும். நல்ல முதலாளி ‘ஓம்’ என்பார். மழுப்புகிறவர் பின்னாலும் மழுப்புவார், அவரை விட்டுவிடுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டாலர்; ஒக்டோபர்தோறும் புதுத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காசு குறைந்தது 4 சதவீதம். வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிற ஆளைக் கூட்டம் இல்லை என்று அரை மணியில் திருப்பி அனுப்பினாலும் மூன்று மணித்தியாலச் சம்பளம் உண்டு. புதுக் கடையில் இது அடிக்கடி நடக்கும். உடைந்த கோப்பைக்கும் காசு கொடுக்காமல் ஓடிய வாடிக்கையாளருக்கும் உங்கள் சம்பளத்தில் வெட்டமுடியாது. டிப்ஸை முதலாளி தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, எல்லோருக்கும் பங்கிடலாம். குசினிக்கு எத்தனை சதவீதம், எந்தக் கிழமை கொடுப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.

புதுக் கடை திறக்கும்போது தேவைக்கு மேலே ஆள் எடுப்பார்கள், ஒன்றிரண்டு மாதத்தில் பாதியைக் குறைப்பார்கள். மூன்று மாதம் முடியுமுன் நிறுத்தினால் முன்னறிவித்தல் தரவேண்டிய கட்டாயம் இல்லை. கோடையில் வெளியில் மேசை போடுவதால் மணித்தியாலம் நிறையக் கிடைக்கும். 1994இல் தொடங்கிய டேஸ்ட் ஆஃப் த டான்ஃபோர்த் திருவிழா ஆகஸ்டில்தான் வரும். சில வருடம் நடக்காமலும் போனது. தை மாசி வந்தால் வேலை சுருங்கும், அதற்கென்று காசு ஒதுக்கி வையுங்கள்.

கையில் காசாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். வெளிநாட்டு மாணவரான உங்களுக்குப் படிப்புக் காலத்தில் கொலிச்சுக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் அனுமதி. அதைத் தாண்டக் கையில் காசு வாங்குகிறவர்கள் படிப்புப் பெர்மிட்டையே பணயம் வைக்கிறார்கள். வேலை முடிய இரவு ஒன்றாகும், வார நாட்களில் சப்வே ஒன்றரை மணிவாக்கில் நிற்கும். தவறவிட்டால் டான்ஃபோர்த் வழியே 300ஆம் இலக்க இரவு பஸ் ஓடும்.

தொட்டியடியில் நிற்கவேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.). கனடாவில் வேலைகளை டியர் என்ற எண்ணால் தரம் பிரிக்கிறார்கள். சமையற்காரர் வேலை டியர் 3, குசினி உதவியாளர் டியர் 5. இங்கே செய்த வேலையை வைத்து பி.ஆர். கேட்கிற கனேடிய அனுபவப் பிரிவுக்கு டியர் 0 முதல் 3 வரைதான் எடுபடும், அதுவும் 1,560 மணித்தியாலம் வேண்டும். முழுநேர மாணவராக இருக்கும்போது செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது. அப்படியென்றால் இப்போதே கிரிலுக்குப் போய் என்ன பலன் என்று கேட்பீர்கள். படிப்பு முடிந்து வேலை அனுமதி கையில் வரும் நாளில் சமையற்காரராகவே தொடங்கலாம். தொட்டியடியில் நின்றவருக்கு அங்கிருந்துதான் ஏறவேண்டியிருக்கும். முதலாளி தருகிற அனுபவக் கடிதத்தில் ‘குக்’ என்ற பெயர் மட்டும் போதாது. என்ன சமைத்தீர்கள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம் என்று விபரமாக இருக்கவேண்டும். சம்பளத் துண்டு, வருட முடிவில் டி4 என்ற வருமானச் சீட்டு, விலகும்போது வேலைப் பதிவுப் பத்திரம் மூன்றையும் வாங்கிப் படமெடுத்து வையுங்கள். கடை பூட்டிவிட்டால் இவற்றைக் கேட்டுப் பெற ஆளைத் தேடித் திரியவேண்டும். ஆகவே கடிதத்தை வேலையில் இருக்கும்போதே, முதலாளி நல்ல மனநிலையில் இருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கேட்டு வாங்கிவிடுங்கள்.