தீயணைப்பு அண்ணாச்சிக்கு அஞ்சலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கிணற்றில் மாடு விழுந்தாலும், பனையில் கதண்டு கூடு கட்டினாலும் முதலில் அண்ணாச்சி வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். போன வாரம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்தோடு படத்திறப்பு வைக்க நினைக்கிறோம். எப்படிச் செய்வது?
– இளைஞர் மன்றத்தினர், வீரவநல்லூர் அருகே

பதில்: படத்தை முதலில் பாருங்கள். கடைசி நேரத்தில் காலை வாருவது அதுதான். சீருடையில் இருக்கும் படம் பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படமாகத்தான் இருக்கும். அதை செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் முகம் மெழுகு பூசியது போல வரும். அசல் படத்தையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் 8க்கு 10 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். மூன்றடி உயரப் படம்தான் வேண்டும் என்றால், வேட்டி சட்டையில் இருந்தாலும் பரவாயில்லை, நல்ல கேமராவில் எடுத்த கல்யாண வீட்டுப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு உடம்பில் முகத்தை ஒட்டி சீருடை போட்டுவிடும் வேலை வேண்டாம். தோள்பட்டைச் சின்னம் மாறிப்போய், வந்திருக்கும் துறைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

நோட்டீஸில் பதவியைச் சரியாகப் போடுங்கள். தீயணைப்போர், முன்னணி தீயணைப்போர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர் எல்லாம் தனித்தனிப் பதவிகள். பாசத்தில் ஒருபடி ஏற்றிப் போடுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. துறையின் முழுப்பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பதக்கம் வாங்கியிருந்தால் சான்றிதழில் உள்ள பெயரையும் ஆண்டையும் அப்படியே எழுதுங்கள். குடியரசுத் தலைவரின் பதக்கம் வேறு, அண்ணா பிறந்த நாளையொட்டி முதலமைச்சர் பெயரில் அறிவிக்கப்படும் அண்ணா பதக்கம் வேறு.

பேச அழைப்பதில் ஒரு யோசனை. அதிகாரிகளை விட, அவரோடு ஒரே வண்டியில் போன ஓட்டுநருக்கும் தீயணைப்போருக்கும்தான் அதிகம் தெரிந்திருக்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். எந்த ஊர், என்ன சம்பவம், அதில் அவர் என்ன செய்தார் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லோரும் “அஞ்சாநெஞ்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: மீட்கப்பட்டவர் பெயரையோ தெருவையோ மேடையில் சொல்ல வேண்டாம். கிணற்றில் விழுந்தவர்கள் எல்லோரும் தவறி விழுந்தவர்கள் அல்ல. அந்தக் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அண்ணாச்சியும் டீக்கடையில் அதைப் பேசியிருக்க மாட்டார்.

பந்தல் கீற்றுப் பந்தலா? அப்படியானால் குத்துவிளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மாலை காயக் காய விளக்கை நோக்கித் தொங்கும். பின்னால் கட்டும் பாலியஸ்டர் துணி உருகிச் சொட்டும். சொட்டுகிற இடமெல்லாம் பற்றும். விளக்கை மூன்றடி முன்னால் தள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் இரண்டு வாளி தண்ணீரும் வையுங்கள். ஜெனரேட்டரை பந்தலுக்கு வெளியே நிறுத்தி, அணைத்துச் சூடு ஆறிய பிறகே எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். தீயணைப்புக்காரர் படத்திறப்பில் பந்தல் பற்றியது என்ற பேச்சு ஊருக்கு வேண்டாம்.

கேள்வி: இறுதி ஊர்வலத்தில் வெடி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தீயணைப்பு வீரர் என்றால் மட்டும் கூடாதா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: யாருக்குமே வேண்டாம். வைக்கோல் படப்பும் ஓலைக்கூரையும் உள்ள தெருவில் ராக்கெட் வெடி எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. பனங்காட்டில் சருகுக்குள் விழுந்த பொறி, கூட்டம் கலைந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: ஆண்டுதோறும் தீத்தொண்டு நாளான ஏப்ரல் 14-இல் மறைந்த தீயணைப்பு அண்ணாச்சி பெயரில் நிகழ்ச்சி நடத்தலாமா? அந்த நாளின் பின்னணி என்ன?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. புகை மண்டியதில் தீயின் மூலம் எங்கே என்று தெரியாமலேயே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே அது தீத்தொண்டு நாள். 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம்.

ஆனால் 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்த நாளும்கூட. ஊர் கோயிலில் இருக்கும், நிலையத்தார் காலை அஞ்சலியில் இருப்பார்கள். 15 முதல் 20-க்குள் ஒரு மாலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்து, நிலைய அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் செயல்முறை விளக்கத்துக்கும் ஆள் அனுப்ப வாய்ப்பு உண்டு. அவசர அழைப்பு வந்தால் பாதியில் கிளம்பிவிடுவார்கள், அதற்கு வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: மாமாவின் சீருடை, பதக்கம், கோப்புகள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?
– மருமகள், அம்பாசமுத்திரம்

பதில்: பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் அம்மா, முலாம் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் காகிதப் பெட்டியில் வையுங்கள். சீருடையைத் துவைத்து நன்றாக உலர்த்தி மடியுங்கள். வேறு யாரும் உடுத்த வேண்டாம்.

ஆனால் முதலில் தேட வேண்டியது ஓய்வூதியக் கொடுப்பாணை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். பிறகு கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் கேளுங்கள். தெரிவிக்காமல் இருந்தால் அவர் கணக்கில் ஓய்வூதியம் ஏறிக்கொண்டே இருக்கும். அதை ஏடிஎம்-இல் எடுத்துச் செலவழித்துவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். துட்டி வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

கேள்வி: ஊரில் தீயணைப்பு அண்ணாச்சிக்குச் சிலை வைக்கலாம் என்கிறார்கள். வேறு யோசனை உண்டா?
– ஊர்ப் பெரியவர், சேரன்மகாதேவி

பதில்: சிலைக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், உங்கள் படித்துறையில் அவர் பெயரில் ஒரு மீட்புப் பெட்டி வைக்கலாம். தாமிரபரணியில் மூழ்குபவர்கள் நீச்சல் தெரியாதவர்கள் மட்டும் அல்ல, அவர்களைக் காப்பாற்றக் குதித்தவர்களும்தான். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் உருண்டு உள்ளே இழுக்கும். மணல் அள்ளிய பள்ளம் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே இருக்கும். மேலே அணையில் திறந்துவிட்டால் நீர்மட்டம் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஏறும்.

பெட்டியில் 12 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு 20 மீட்டர் வையுங்கள். அது மிதக்கும்; நைலான் மூழ்கிவிடும், தேங்காய் நார்க்கயிறு ஈரத்தில் மக்கிவிடும். நுனியில் 5 லிட்டர் கேனில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி இறுக மூடிக் கட்டுங்கள். வெறும் கேனைக் காற்று தள்ளிவிடும். எறிபவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, அவரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆளைத் தாண்டிக் கேன் விழும்படி எறிந்தால் கயிறு அவர் மேல் கிடக்கும். பிறகு காலை ஊன்றிக் குனிந்து நின்று இழுக்கலாம்.

வெளியே எடுத்தவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவதையும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும் நிறுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி 30 தடவை அமுக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆம்புலன்ஸ் வரும்வரை 30-க்கு 2 என்று மாற்றி மாற்றித் தொடருங்கள்.

பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கயிறு களவு போகும் என்பார்கள். போனால் இன்னொன்று வாங்குங்கள். நிழலில் தொங்கவிட்டு, வெயிலில் நரைத்து நார் நாராகப் பிரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். மூடியில் அண்ணாச்சி பெயருக்குக் கீழே 101, 112, 108 மூன்றையும் பெரிதாக எழுதுங்கள்.