காய்ச்சினால் ஃபுளோரைடு போகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டு போர்வெல் 700 அடி. தண்ணீர் தெளிவாக இருக்கும், சோப்பும் நன்றாக நுரைக்கும். ஆனால் 9 வயதுப் பையனுக்கு முன்பற்களில் பழுப்புக் கோடு. ஃபுளோரைடு என்கிறார்கள். ஒகேனக்கல் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா? மகளுக்கு 3 வயது.

பதில்: காய்ச்சாதீர்கள். ஃபுளோரைடு கிருமி அல்ல, கரைந்திருக்கும் உப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அடியிலேயே நிற்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 10 லிட்டரை 8 லிட்டராகச் சுண்டவிட்டால் அது 2.5 ஆகிவிடும். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பிளீச்சிங் பவுடரும் யூவி ஃபில்டரும் கிருமிக்குத்தான், இதற்கு உதவாது.

சோப்பு நுரைப்பதை நம்பியும் ஏமாறாதீர்கள். சுண்ணாம்புச் சத்து குறைவான தண்ணீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும்; ஃபுளோரைடும் அங்கேதான் அதிகம் கரைந்து நிற்கும். நம் பக்கத்துப் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்தில் பல வருஷம் பாறையோடு கிடந்த தண்ணீர் அதை இழுத்துக்கொள்கிறது. ‘இன்னும் 200 அடி இறக்கினால் நல்ல தண்ணீர்’ என்று யாராவது சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் சோதனை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் (கண்ணாடி வேண்டாம்) ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள்.

அப்புறம், வீட்டுத் தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும், தோலில் பட்டு ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் போவதுதான் கணக்கு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: குடிக்க மட்டும் ஆற்றுத் தண்ணீர், களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர் தண்ணீர். ராகி களி எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2013இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய ஒகேனக்கல் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரியின் ஃபுளோரைடுக்காக வந்ததுதான். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தினம் இரண்டு குடம் வேண்டும். மூன்று நாளைக்கு ஆறு குடம். மூடியுள்ள ஒரு டிரம்மில் பிடித்துவிடலாம். (களியை விட வேண்டாம். ராகியில் உள்ள கால்சியம் ஃபுளோரைடு உடலில் சேர்வதைக் குறைக்கும்.)

ஆர்ஓ வாங்கினால் ஃபுளோரைடு பெருமளவு குறையும். ஆனால் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரில் அது கூடியிருக்கும், மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பையனின் கறை இனித் தானாகப் போகாது. பல் மருத்துவர் மேற்பூச்சு போட்டு மறைக்கலாம். மகளுக்கு நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகின்றன. ஏறக்குறைய 8 வயது வரை அவள் குடிப்பதுதான் பல்லில் தெரியும். அதனால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நிலத்தடி நீரையே சுத்தம் செய்ய முடியாதா என்றால், கழுவ முடியாது, நீர்க்கச் செய்யலாம். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை ஜல்லி, மணல் வழியாகப் பழைய கிணற்றுக்குள் இறக்குங்கள். ஒரே வருஷத்தில் பெரிதாக மாறாது. மே மாதம் ஒரு சோதனை, டிசம்பரில் ஒரு சோதனை எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.